ஒன்பதாம் தூணுக்கு நாற்பது காலடி

இன்று காலை ஊர்காவற்றுறையிலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸில் ஏறியபோது யன்னல் கண்ணாடிகள் எல்லாம் வெளிறிப்போய் இருந்தன. மூன்று நாளாகச் சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. கடலுக்கு நடுவே போகும் பண்ணைத் தாம்போதியில் போய்வரும்போது கடல் துமி தெறித்து, காய்ந்து, உப்பு தோலாகப் படிந்துவிட்டது. வெளியே விடிந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. எந்த இடத்தில் போகிறோம் என்று தெரியவில்லை. வேலணையில் பஸ் நின்றபோது நான் கண்ணாடியைக் கையால் தேய்த்து, ஏறுவது யார் என்று பார்த்தேன். நீர் கடைசியாக அந்த இடத்தில் ஏறி ஆறு மாதத்துக்கு மேலாகிறது. அது தெரிந்தும் பார்த்தேன்.

தேய்த்த விரலை நாக்கில் வைத்தேன். கரித்தது. உடனே அந்தப் பயம் எழும்பி உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றித்தான் உமக்கு எழுதுகிறேன். நீர் போனபிறகு நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை முதலில் உமக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். நீர் உயிரோடு இருந்த காலத்தில் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் இருக்கிறது. அதை நான் போன மாதம்தான் கண்டுபிடித்தேன்.

விமான நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலைக்கு எங்கள் இருவரையும் ஒரே நாளில்தான் எடுத்தார்கள். ஒரே தீவு, ஆனால் அதுவரை நாம் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. நீர் வேலணைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. நான் ஊர்காவற்றுறைக் கரையோரப் பிள்ளை, அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். முதல் நாளே பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்து, "நீரும் அந்த ஓடுபாதை வேலைக்கோ? அப்ப இனி எனக்குச் சீற் பிடிச்சு வையும்" என்றீர். நான் என்ன, உம்முடைய வேலைக்காரியோ என்று மனதுக்குள் நினைத்தேன். அடுத்த நாள் சீற் பிடித்து வைத்தேன். நாலு வருடம் பிடித்து வைத்தேன்.

எங்கள் வேலை என்னவென்று நீர் உம்முடைய அம்மாவுக்கு விளங்கப்படுத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குசினியில் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. நீர் ஒரு காம்பை நிலத்தில் நீட்டி வைத்தீர்.

"இதுதான் அம்மா ஓடுபாதை. ரெண்டு கரையிலயும் ஆறு ஆறாப் பன்னிரண்டு தூண் நட்டிருக்கு. ஒவ்வொரு தூணிலயும் ஒரு சென்சர். கண் எண்டு வையுங்கோவன். பாதையில ஒரு ஆணி கிடந்தாலும் அது கண்டு, எங்கட அறையில இருக்கிற திரையில சிவப்புக் காட்டும். ஒண்டும் இல்லாட்டில் பச்சை."

"ஒரு ஆணிக்கே இவ்வளவு பாடு?"

"அந்த ஆணியில சில்லு ஏறினால் சில்லு வெடிக்கும். எஞ்சினுக்கை போனால் அதுக்கு மேல கதைக்கத் தேவையில்லை."

அம்மா இலை உருவுவதை நிறுத்திவிட்டு அந்தக் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "அப்ப அந்தக் கண்ணை ஆர் பாக்கிறது?" என்று கேட்டா. நீர் என்னைக் காட்டி, "நாங்கள் ரெண்டுபேரும்தான்" என்றீர். நான் உள்ளுக்குள் நடுங்கியது உமக்குத் தெரிந்திருக்காது. என்னை நம்பி ஒரு விமானம் இறங்கும் என்பதை அதுவரை அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு திங்கட்கிழமையும், விமானம் இல்லாத இடைவெளியில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, சாரதி ராசன் அண்ணையின் வாகனத்தில் தூண் தூணாகப் போக வேண்டும். சென்சரின் முன்பக்கக் கண்ணாடியை, அதற்கென்று தந்த துணியாலும் காய்ச்சி வடித்த தண்ணீராலும் துடைக்க வேண்டும். துடைத்ததைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கடற்காற்று அடிக்கிற இடத்தில் ஒரு கிழமைக்குள்ளேயே கண்ணாடி மங்கிவிடும். திடீரென்று முழுக்க மூடிக்கொண்டால் திரையில் மஞ்சள் காட்டும். மெல்ல மெல்ல மங்கினால் அதற்கே தெரியாது. பச்சையையே காட்டிக்கொண்டிருக்கும்.

அதற்குத்தான் நீர் அடிக்கடி சொல்வீர்: "பச்சை எண்டால் பாதை சுத்தம் எண்டு அர்த்தமில்லை, ஜெசிந்தா. அதுக்கு ஒண்டும் தெரியேல்ல எண்டுதான் அர்த்தம். கண் இல்லாதவனிட்டக் கேட்டாலும் ஒண்டும் தெரியேல்ல எண்டுதானே சொல்லுவான்." நீர் இதைச் சொல்லும்போது நான் தலையாட்டுவேன். எனக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஒன்பதாம் தூண்.

மற்றப் பதினொரு தூணுக்கும் சீமெந்துப் பாதை போட்டிருந்தார்கள். ஒன்பதாம் தூணுக்கு மட்டும் இல்லை. இடையில் மூடிய பதுங்குகுழி ஒன்றின் மேடு கிடந்ததால், அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். தார் விளிம்பிலிருந்து தூண் வரை நேராக நடந்தால் நாற்பது காலடி, வெறும் புல். ஒரு காலத்தில் அந்தப் புல் முழுக்கக் கண்ணிவெடி. எல்லாம் எடுத்தாயிற்று, ஒவ்வொரு அடியும் சோதித்தாயிற்று, சான்றிதழும் தந்தாயிற்று என்று வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே எங்களுக்குக் காட்டினார்கள். நான் அந்தக் கடுதாசியை இரண்டு தரம் வாசித்தேன். என் கால்கள் வாசிக்கவில்லை.

நாங்கள் இடம்பெயர்ந்துபோய் ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த பனங்காணியைச் சுற்றிச் சிவப்புப் பலகைகள் நட்டிருந்தன, மண்டையோடு போட்டு. எனக்குப் பத்து வயது. என் பெரியம்மாவின் மகன் விழுந்து கிடந்த பனம்பழத்தைக் கண்டு ஒரு நாள் உள்ளே போனார். பலகைக்கு இந்தப் பக்கம்தான் பழம் கிடந்தது என்று இன்றுவரை சொல்கிறார். ஒரு பாதத்தோடுதான் சொல்கிறார். அதற்குப் பிறகு நான் தார் றோட்டையும் மிதிபட்ட வெறுந்தரையையும் விட்டு இறங்கியதே இல்லை. கோயிலுக்குக் குறுக்கு வழி இருந்தும் சுற்றித்தான் போவேன். சாட்டிக் கடற்கரையில் எல்லோரும் சவுக்கு மரங்களுக்குக் கீழே பாய் விரித்தால் நான் அலை நனைத்த மணலில்தான் இருப்பேன். நீரே என்னைக் கேலி செய்திருக்கிறீர்.

"கடற்காரரின்ர பிள்ளைக்குத் தரையில என்னப்பா பயம்?"

"கடலுக்கை ஒருத்தரும் வெடி புதைக்கேல்ல."

"இஞ்சையும் எடுத்துப்போட்டினம். சான்றிதழ் இருக்கு."

"அப்ப சான்றிதழ் முதல்ல நடந்து காட்டட்டும்."

நீர் சிரித்தீர். ஆனால் முதல் திங்கட்கிழமை, ஒன்பதாம் தூணுக்கு நேரே வாகனம் நின்றபோது, நான் ஒரு காலைப் புல்லில் வைத்துவிட்டு மற்றக் காலை எடுக்க முடியாமல் நின்றதைக் கண்டீர். அப்போது நீர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த துணியையும் போத்திலையும் வாங்கிக்கொண்டு, "நீர் வாகனத்தில இரும். நான் போட்டு வாறன்" என்றீர். திரும்பி வந்து ஏறியபோது உம்முடைய சட்டை முதுகு நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். "சும்மா புல்லு" என்று சொல்லிவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினீர். அன்று தொடங்கியது. ராசன் அண்ணைக்கு இது தெரியும். "ஜெசிந்தாப் பிள்ளைக்குப் புல்லுக் கண்டால் ஆகாது. மாட்டுக்கு எதிர்மாறு" என்று பகிடி விடுவார். மேலதிகாரிக்கு ஒருநாளும் போட்டுக்கொடுக்கவில்லை.

மார்கழி மழை முடிந்து தை பிறந்த கையோடு உமக்குக் காய்ச்சல் வந்தது. "சாதாரணக் காய்ச்சல். திங்கள் வந்திடுவன்" என்று போனில் சொன்னீர். நுளம்பால் வந்த டெங்குக் காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் திங்களுக்கு முன் வெள்ளிக்கிழமை உம்மைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து வேலணைக்குக் கொண்டுவந்தார்கள். நான் உங்கள் முற்றத்தில் நின்றேன். எல்லோரும் உம்மைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதேன். ஆனால் உமக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த அழுகைக்கு நடுவில் ஒரு தரம், திங்கட்கிழமை ஒன்பதாம் தூணுக்கு யார் போவது என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உமக்குப் பதிலாக ஒருவரையும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை நான் தனியே போனேன். தார் விளிம்பில் நின்றேன். துணி கையில் ஈரமாகிக்கொண்டே இருந்தது. கோபுரத்தில் தந்த நேரம் முடிகிறது என்று வானொலிக் கருவியில் சொன்னார்கள். திரும்பி வந்து வாகனத்தில் ஏறினேன். அடுத்த திங்களும் அப்படித்தான். மூன்றாம் கிழமை எனக்கு ஒரு புத்தி வந்தது. கெட்ட புத்திக்குத் தலையில் கொம்பு இருக்காது என்பது உண்மைதான்.

ஒவ்வொரு நாள் காலையும் தீயணைப்பு வாகனத்தின் தண்ணீர்க் குழாயைப் பீச்சிச் சோதித்துப் பார்ப்பது வழக்கம் அல்லவா. அந்த வாகனத்தையும் ராசன் அண்ணைதான் ஓட்டுகிறார். நான் அவரிடம் போய், "அண்ணை, திங்களில மட்டும் ஒன்பதாம் தூணுக்கு நேரை நிண்டு சோதிப்பமே? மேலால மெல்லமாப் பட்டால் போதும்" என்றேன். அவர், "கழுவிறதுக்கோ?" என்றார். "ஓம்" என்றேன். மனிசன் இரக்கப்பட்டுச் சம்மதித்தார். தண்ணீர் வளைந்து போய்த் தூணில் விழுந்தது. தூசி வழிந்தோடியது. தூரத்திலிருந்து பார்க்கக் கண்ணாடி பளபளத்தது. நான் பதிவுப் புத்தகத்தில் "துடைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மாசி தொடங்கி ஆனி வரை ஒவ்வொரு திங்களும் எழுதினேன்.

அந்தத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். உவர். எங்கள் வீட்டில் வாளி, கேத்தல், குளிக்கிற இடத்துச் சீமெந்து எல்லாம் வெள்ளை பிடித்துப்போய்த்தான் கிடக்கின்றன. நல்ல தண்ணீருக்காகச் சாட்டிக் கிணற்றடியில் சனம் வந்து நிற்பது ஏன் என்று தீவில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஈரமாக இருக்கும்போது பளபளக்கும், காய்ந்தால் வெளிறும். நீர் ஒருமுறை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாமல் போகவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. புல் வெட்டும் இயந்திரம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து மறுகரைக்குப் போயிருந்தது. பத்து மணி விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. நான் திரைக்கு முன்னால் இருந்தேன். பன்னிரண்டும் பச்சை. வழக்கம்போலக் கோபுரத்துக்கு "பாதையில ஒண்டும் இல்லை" என்று சொன்னேன். ராசன் அண்ணை பக்கப் பாதையால் வாகனத்தில் வந்துகொண்டிருந்தவர், வெயிலில் ஏதோ மினுங்குவதைக் கண்டு நிறுத்தியிருக்கிறார். வானொலிக் கருவியில் அவருடைய குரல் வந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இறக்கவேண்டாம். பாதையில இரும்பு கிடக்கு. இறக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

நான் திரையைப் பார்த்தேன். பச்சை. யன்னலால் விமானத்தைப் பார்த்தேன். சில்லுகள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு கணம் ஒன்றுமே மாறவில்லை. பிறகு அதன் மூக்கு மேலே எழும்பியது. கட்டடம் அதிர, எங்கள் தலைக்கு மேலால் போனது. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே கிடந்தது புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து கழன்ற இரும்பு அலகு, என் முழங்கை நீளம். கிடந்த இடம் ஒன்பதாம் தூணுக்கு நேரே.

அதை எடுத்தபிறகு விமானம் சுற்றி வந்து இறங்கியது. பயணிகள் படியால் இறங்கி வந்தார்கள். ஒரு வயதான ஐயா என்னைக் கடந்து போகும்போது, "ஏன் பிள்ளை ஒரு சுத்துச் சுத்தினவங்கள்? எனக்குத் தலைச்சுத்து" என்று குறைப்பட்டார். "காற்று ஐயா" என்றேன். அவர் சரி என்று போய்விட்டார்.

அடுத்த நாள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். சென்சர் வைத்துத் தந்த கம்பனியின் பொறியியலாளர் கொழும்பிலிருந்து போனில் இருந்தார். முதல் கேள்வியே அதுதான்: கண்ணாடி துடைத்ததோ? நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். திங்கள் திங்களாக என் கையெழுத்து நிரையாக இருந்தது. "துடைச்சிருக்கு" என்று மேலதிகாரியே போனில் சொன்னார். அழுக்கு இல்லையென்றால் பிழை சென்சர் பார்க்கிற கோணத்தில்தான் இருக்க வேண்டும் என்றார் பொறியியலாளர். ஒன்பதாம் தூணுக்குக் கோணம் வைத்தது யார் என்று பழைய கோப்பை எடுத்தார்கள். உம்முடைய பெயர் இருந்தது. உம்முடைய வடிவான எழுத்தில், தேதியோடு.

மேலதிகாரி கெட்ட மனிதர் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டார். "பாவம், அந்தப் பிள்ளையும் இல்லை. அவ வச்ச கோணம் பிழை எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. திங்கள் எஞ்சினியர் வந்து கோணத்தை மாத்தட்டும்" என்றார். என்னைப் பார்த்து, "என்ன ஜெசிந்தா?" என்றார்.

நான் தலையாட்டினேன். இதைத்தான் உமக்குச் சொல்லக் கூசிக்கொண்டிருந்தேன். நீர் சரியாக வைத்த கோணத்தைப் பிழை என்று எழுத நான் தலையாட்டினேன்.

அந்தச் சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்முடைய பெயர் கெடும் என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம் இன்னும் பயங்கரம். கோணத்தை மாற்றிவிட்டால், சரியாக இருந்த ஒன்றும் பிழையாகிவிடும். கண்ணாடி வெள்ளையாகவே இருக்கும். திரை பச்சையாகவே இருக்கும். அடுத்த முறை ராசன் அண்ணை அந்த வழியால் வராமல் இருக்கலாம். ஞாயிறு பூசைக்கு முன் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்று வரிசையில் போய் இருந்தேன். என் முறை வந்தபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். சுவாமியிடம் சொன்னால் எனக்கு ஆறும். ஆனால் சுவாமி விமானத்தை நிறுத்தப் போவதில்லை.

அங்கிருந்து பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதேயும். அம்மா தேத்தண்ணி வைத்துத் தந்தா. கதைத்துக்கொண்டிருக்கும்போது வானத்தில் சத்தம் கேட்டது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனா. நெற்றியில் கை வைத்து, விமானம் தெற்கே சின்னதாகப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றா.

"ஒவ்வொரு நாளும் பாப்பியளோ அம்மா?" என்று கேட்டேன்.

"சத்தம் கேட்டால் வருவன். என்ர பிள்ளை வச்ச கண்ணுகள் பாத்துத்தானே அது எழும்புது. அவ இல்லாட்டிலும் அது பாக்குதுதானே, என்ன பிள்ளை?"

"ஓம் அம்மா" என்றேன். அந்த ஓமைச் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுப் படலையைக் கடக்க நான் பட்ட பாட்டை எந்தப் புல்லிலும் பட்டதில்லை.

திங்கள் காலை பொறியியலாளர் வந்திருந்தார். மேலதிகாரியும் ராசன் அண்ணையும் அறையில் நின்றார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"சேர், கோணம் சரி. கண்ணாடிதான் பிழை. நான் ஆறு மாசமா ஒன்பதாம் தூணுக்குப் போகேல்ல. எனக்குப் புல்லில இறங்க ஏலாது. குழாய்த் தண்ணி அடிச்சுப்போட்டுத் துடைச்சதெண்டு எழுதினனான். உவர்த் தண்ணி. வெள்ளை பிடிச்சிருக்கும். முந்தி எல்லாம் அவதான் எனக்காகப் போனவ."

ராசன் அண்ணை, "தண்ணி அடிச்சது நான், சேர்" என்றார். மேலதிகாரி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். கோபித்தால் தாங்கியிருப்பேன். மெல்லமாகத்தான் கேட்டார்.

"நீர் பச்சை எண்டு சொன்னால் நாங்கள் அதைத்தான் கோபுரத்துக்கும் விமானிக்கும் சொல்லுறனாங்கள். தெரியுமோ?"

"தெரியும் சேர்."

பொறியியலாளர் எழுந்து, தானே போய்த் துடைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். "இல்லை, நான் போறன்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையதுதான்.

அந்த அலகோடு கழன்ற மற்றத் துண்டுகளைத் தேடுவதற்காக அந்தப் பக்கத்துப் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் துணியையும், அன்று காலை வீட்டிலிருந்து கொண்டுவந்த, கேத்தல் வெள்ளைக்குப் பாவிக்கிற வினாகிரியையும் எடுத்துக்கொண்டு தார் விளிம்பில் நின்றேன். வாய் காய்ந்துவிட்டது. அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினால் அடுத்த சொல் வரவில்லை. கண்ணை மூடலாமென்று குனிந்தபோதுதான் அதைக் கண்டேன்.

வெட்டிய புல்லுக்கு நடுவில் ஒரு தடம் இருந்தது. நாலு வருடம் திங்களுக்குத் திங்கள் மிதித்த இடத்தில் புல் இன்னும் முளைக்கவில்லை. சாதாரணமாக ஆள் நடந்து போனால் வருகிற பாதை இல்லை அது. ஒற்றைப் பாத அகலம். ஒரு காலுக்கு நேர் முன்னால் மற்றக் காலை வைத்து, போன முறை வைத்த இடத்திலேயே இந்த முறையும் வைத்து நடந்த தடம். நேராகவும் போகவில்லை. பதுங்குகுழி மேட்டுக்குக் கிட்டப் போனதும் அகலமாக விலகி, வளைந்து சுற்றிக்கொண்டு போனது.

அந்த நடையை எனக்குத் தெரியும். நாங்கள் ஊர் திரும்பிய காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நடந்தோம், ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போனவர் கால் வைத்த அதே இடத்தில் கால் வைத்து. "அடியில அடி வை" என்று பெரியவர்கள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவார்கள். சும்மா புல்லு என்று எனக்குச் சொன்ன நீர், நாலு வருடத்தில் ஒருநாளும் அந்தத் தடத்தை விட்டுப் புல்லில் மிதிக்கவில்லை.

நேரே போனால் நாற்பது காலடி. உமது தடத்தில் நான் எண்ணினேன், அறுபத்தெட்டு. உம்முடைய பாதம் என்னுடையதைவிடச் சிறியது, என் செருப்பு இரண்டு பக்கமும் புல்லில் பட்டது. படும்போதெல்லாம் நின்றேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்டால், உம்மைத் திட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பயம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அல்லவா. இரண்டு பேருமாகப் போய் மேலதிகாரியிடம் நின்று, எங்களுக்கு ஏலாது, பாதையைப் போடுங்கோ என்று கேட்டிருக்கலாம். எனக்காகச் சொல்லவில்லையா, உமக்கே சொல்லிக்கொள்ளவில்லையா, எனக்கு விளங்கவில்லை.

கண்ணாடி முழுக்கச் சாம்பல் வெள்ளை. வினாகிரி ஊற்றி மூன்று தரம் துடைத்தபிறகுதான் என் முகம் அதில் தெரிந்தது. ராசன் அண்ணை ஓடுபாதையில் ஒரு சின்ன ஆணியைப் போட்டார். கருவியில் பொறியியலாளரின் குரல் வந்தது: "சிவப்பு. ஒன்பது சிவப்பு." கோணத்தைத் தொடவில்லை. அறிக்கையில் உம்முடைய பெயர் இல்லை. என்னுடையது இருக்கிறது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறார்கள். தந்தது சரிதான். சீமெந்துப் பாதையும் போடப்போகிறார்களாம். எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதுவரை நான்தான் போகிறேன். பயம் போய்விட்டது என்று உமக்கு எழுத ஆசைதான். போகவில்லை. ஞாயிறு பின்னேரமே தொடங்கிவிடும். பஸ் யன்னல் மங்கினாலும் பயம், திரை பச்சையாக இருந்தாலும் பயம், வானத்தில் சத்தம் கேட்டால் கும்பிட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் இப்போது செய்கிறேன். தார் விளிம்பில் நின்று, "அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். ராசன் அண்ணை வாகனத்தை விட்டு இறங்கி வந்து நிற்பார். "நீ போ பிள்ளை. நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்" என்பார். அவர் பார்ப்பதால் மண்ணுக்குள் இருப்பது ஒன்றும் மாறப்போவதில்லை. ஆனாலும் நடுவழியில் கால் நின்றுவிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். அவர் நிற்பார். பிறகு அடுத்த அடி வரும்.

நீர் போகும்போது நான் அந்த வாகனத்துக்குள்தான் இருந்தேன். நாலு வருடமும். நீர் இறங்கியதும் நான் மற்றப் பக்கத்து யன்னலுக்குத் திரும்பிவிடுவேன். ஏதாவது நடந்தால் அதை என் கண்ணால் காணக்கூடாது என்று. கதவு திறந்து நீர் ஏறுகிற சத்தம் கேட்டபிறகுதான் முகத்தைத் திருப்புவேன். நடுவழியில் நின்று நீர் ஒரு தரமாவது என்னைத் திரும்பிப் பார்த்தீரோ, எனக்குத் தெரியாது.